அந்த ஆள் எத்தனை வாட்டிதான் திருந்துவான்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கை வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தேன். தொண்ணூறுகளில் என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் என்கிறேன், இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பேச்சு எங்கெங்கோ போய் சீரியலில் வந்து நின்றது. "ஆரம்பத்துல எவ்வளவு நல்லா இருந்துச்சு டீச்சர். இப்ப பாக்கவும் முடியல, விடவும் முடியல" என்றாள் ஒருத்தி. "நீங்க எது பாக்குறீங்க?" என்று கேட்டாள் மற்றவள். "2009-க்கு அப்புறம் நான் எந்த சீரியலையும் தொடர்ந்து பாக்குறதில்லம்மா" என்றேன். "ஏன் டீச்சர்?" என்று கேட்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பதில் பாக்கி நின்றுவிட்டது. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரித்திரம். என் வகுப்பில் சரித்திரத்தைத் தாண்டாமல் எதற்கும் போக முடியாது என்று உங்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் தொடர் நாடகம் என்று பெரிய அளவில் வந்தது தூர்தர்ஷனின் 'ஹம் லோக்'. 1984 ஜூலையில் ஆரம்பித்து 1985 டிசம்பரில் முடிந்தது. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, அன்றைய கதையைப் பற்றி நம்மிடம் நாலு வார்த்தை பேசுவார். குடும்பக் கட்டுப்பாடு, பெண் கல்வி போன்ற விஷயங்களைக் கதையாகச் சொல்வதுதான் அரசின் நோக்கம். மெக்சிகோ நாட்டில் அப்படிச் செய்து வெற்றி கண்டிருந்தார்கள், அதைப் பார்த்து எடுத்தது இது. ஆனால் அதே நாடகத்தின் தோளில் ஏறித்தான் மேகி நூடுல்ஸ் விளம்பரமும் நம் வீட்டுக்குள் வந்தது. கதை நடந்து வந்த அதே வாசல் வழியாக வியாபாரமும் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அப்போது எங்கள் ஊரில் டி.வி. கிடையாது. 1985 கோடை விடுமுறையில் சென்னையில் சித்தப்பா வீட்டில்தான் அதைப் பார்த்தேன். இந்தி ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் யாருக்கு யார் மேல் கோபம் என்பது புரிந்தது.

தூர்தர்ஷன் காலத்துத் தொடர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. வருடத்துக்கு 52 வாரம், அதில் கால் பங்கு 13. பெரும்பாலான தொடர்களுக்கு 13 வாரம் என்று அனுமதி தருவார்கள். ஆர்.கே. நாராயணின் கதைகளை வைத்து சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்' முதலில் 39 அத்தியாயம். 13 மூன்று தடவை. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 52 அத்தியாயம் என்று ஆரம்பித்து 78 வரை போனது. 13 நாலு தடவை, பிறகு ஆறு தடவை. எல்லாம் பதின்மூன்றாம் வாய்ப்பாடு. 13 வாரம்தான் என்று தெரிந்தால் எழுதுகிறவர் கடைசி வாரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் முதல் வாரத்தை எழுதுவார். பாட வேளை 45 நிமிடம் என்று தெரிந்த ஆசிரியர், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு பாடத்தைச் சுருக்கிச் சொல்லி முடிப்பதைப் போல.

'ராமாய'ணையும் நீட்டத்தானே செய்தார்கள் என்று கேட்பீர்கள். நீட்டினார்கள். ஆனால் ராவணனை எவ்வளவு நாள் நிற்க வைத்தாலும் அவன் ஒரு நாள் விழுந்தே ஆக வேண்டும். முடிவை வால்மீகி எழுதி வைத்துவிட்டார். ஸ்பான்சரால் அதை மாற்ற முடியாது. 1988-ல் ஆரம்பித்து 94 அத்தியாயம் ஓடிய 'மகாபாரத்'துக்கும் இதே பாதுகாப்பு இருந்தது.

பிறகு தனியார் சேனல்கள் வந்தன. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. ஆரம்பித்தது. அப்போதும் வாரம் ஒரு முறை வரும் தொடர்களே அதிகம். 'மர்மதேசம்' உங்களுக்கு மறந்திருக்காது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'ரகசியம்', 'விடாது கருப்பு' இரண்டும் வந்த நாட்களில், மறுநாள் காலையில் நீங்கள் வகுப்பில் என்னைப் பாடம் நடத்த விடவில்லை. அதில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒரு மர்மம் அவிழ்ந்ததும் அந்தக் கதை முடிந்துவிடும். அடுத்த பாகத்தில் வேறு ஊர், வேறு மனிதர்கள், வேறு கேள்வி. 'மர்மதேசம்' என்ற பெயர் மட்டும் தொடரும்.

திருப்பம் வந்தது 1999 டிசம்பரில். ராதிகா நடித்த 'சித்தி', இரவு ஒன்பதரை மணிக்கு, வார நாட்களில் தினமும். 2001 நவம்பர் வரை ஓடியது. அந்த நேரத்தில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே பாட்டுச் சத்தம் கேட்கும். இந்தியில் 2000-ல் ஆரம்பித்த 'க்யூங்கி சாஸ் பீ கபி பஹூ தீ' எட்டு வருடம், 1,800 அத்தியாயத்துக்கு மேல் ஓடியது. அதில் கதாநாயகன் மிஹிர் இறந்துபோனபோது நாடே கொந்தளித்தது. உடனே அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு அந்த வேடத்தில் நடித்தவர்கள் மாறினார்கள், கதை இருபது வருடம் தாண்டிக் குதித்தது, பேரப்பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்தார்கள். 2008-ல் முடிந்தது. 2025-ல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

தமிழில் 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை. 'கோலங்கள்' 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை, 1,533 அத்தியாயங்கள். இரண்டையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவையும், தன் காலில் நின்ற அபியையும் நம் வீட்டு மனிதர்களாக நினைத்தோம். கணக்கை மட்டும் பாருங்கள். ஓர் அத்தியாயத்தில் விளம்பரம் போகக் கதை 20 நிமிடம் என்று வைத்தால், 1,533 அத்தியாயத்துக்கு 511 மணி நேரம். பள்ளியில் வருடத்துக்கு 220 வேலை நாள், ஒரு பாடத்துக்குத் தினம் 45 நிமிடம் என்றால் 165 மணி நேரம். அதாவது ஒரு சீரியலை முழுதாகப் பார்ப்பது, ஒரு பாடத்தை மூன்று வருடம் படிப்பதற்குச் சமம். மூன்று வருடம் சொல்ல அவ்வளவு விஷயம் எந்தக் குடும்பத்தில் இருக்கிறது?

அப்படியானால் ஏன் நீட்டுகிறார்கள்? எழுதத் தெரியாதவர்கள் என்று சொல்வது அநியாயம். முதல் நூறு அத்தியாயத்தை அவ்வளவு நன்றாக எழுதியவர்களும் அதே ஆட்கள்தான். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

தமிழ்ச் சேனல்களில் பல வருடம் இருந்த ஒரு முறையைச் சொல்கிறேன். தயாரிப்பாளர் அந்த அரைமணி நேரத்துக்காகச் சேனலுக்குக் கட்டணம் கட்டுவார். அதற்குள் வரும் விளம்பர நேரத்தை விற்றுப் போட்ட பணத்தை எடுப்பார். கதை பிரபலமானால் விளம்பர விலை ஏறும். வாரா வாரம் டி.ஆர்.பி. என்ற மதிப்பெண் பட்டியல் வரும். நல்ல மதிப்பெண் வாங்கும் கதையை யார் முடிப்பார்கள்? முடித்துவிட்டுப் புதுக்கதை ஆரம்பித்தால் ஓடுமோ ஓடாதோ. வாடகை நன்றாக வரும் வீட்டை இடித்துப் புதுவீடு கட்ட யாருக்கு மனம் வரும்? ஆக, நன்றாக இருக்கும் கதைக்குத்தான் முடியும் உரிமை இல்லாமல் போகிறது. மோசமான கதை ஐந்து மாதத்தில் மரியாதையாக முடிந்துவிடும்.

முடிவு தள்ளிப்போகப் போக என்னென்ன வரும் என்று உங்களுக்கே மனப்பாடம். பாலில் விஷம், கோர்ட், கடத்தல், ஞாபக மறதி, செத்தவர் திரும்பி வருவது, ஒரே அதிர்ச்சியை ஆறு முகத்தில் மூன்று மூன்று தடவை காட்டுவது. நடிகர் விலகினால் "இவருக்குப் பதில் இவர்" என்று ஓர் எழுத்து. இரண்டு சீரியல்களின் குடும்பங்களைக் கோயிலில் சந்திக்க வைத்து 'மகா சங்கமம்'. இவற்றையெல்லாம் கிண்டல் செய்து முடித்துவிடலாம். ஆனால் கதை கெடுவது இவற்றால் இல்லை என்பது என் எண்ணம். இவையெல்லாம் மேல் காய்ச்சல். உள்ளே இருக்கும் நோய் வேறு. அந்த நோயை நான் கண்டுபிடித்தது என் சொந்தத் தப்பிலிருந்து.

ஆண்டு விழா நாடகம் ஞாபகம் இருக்கிறதா? அறிவொளி இயக்கம் நடந்த சமயம். குடிகார அப்பா, படிக்க ஆசைப்படும் மகள். இருபது நிமிட நாடகம், எழுதியது நான். கடைசிக் காட்சியில் அப்பா பாட்டிலைப் போட்டு உடைத்துவிட்டு மகள் கையில் சிலேட்டைக் கொடுப்பான். ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. தலைமையாசிரியர் மேடை ஏறி என்னைப் பாராட்டினார்.

அடுத்த வருடமும் அதே மாதிரி வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. 'பாகம் இரண்டு' எழுதினேன். ஆனால் அப்பா திருந்திவிட்டானே? வேறு வழியில்லாமல் அவனை மறுபடியும் குடிக்க வைத்தேன். கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வருடம், திருந்தியவனை மறுபடியும் குடிக்க வைத்ததோடு, காணாமல் போன ஒரு தம்பியையும் கொண்டுவந்தேன். நாடகம் பாதியில் நடந்துகொண்டிருக்கும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சத்தமாகக் கேட்டார்: "அந்த ஆளு எத்தனை வாட்டிதான் திருந்துவான்?"

மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. மேடையில் அப்பா வேடம் போட்ட பையனும் மீசை விழுகிற அளவுக்குச் சிரித்தான். இதைப் படித்துக்கொண்டிருப்பாய், நீ யார் என்று நான் சொல்ல மாட்டேன். நான் திரைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அன்றைக்கு அவமானமாக இருந்தது. பிறகு யோசித்தபோது, எந்த விமர்சகரும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று தோன்றியது. கதை நீள வேண்டுமானால் அதில் இருப்பவர்கள் பாடம் கற்கவே கூடாது. கற்றுக்கொண்டால் கதை முடிந்துவிடும். அதனால்தான் முதல் நூறு அத்தியாயத்தில் புத்திசாலியாக இருந்த பெண், ஐந்நூறாவது அத்தியாயத்தில் தன்னை ஒன்பது முறை ஏமாற்றியவனை பத்தாவது முறையும் நம்புகிறாள். போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை ஆறு மாதம் சுமக்கிறாள். வில்லனுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது, நல்லவர்களுக்கு எதுவும் நினைவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளையை, பள்ளியில் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக வருடா வருடம் ஐந்தாம் வகுப்பிலேயே ஃபெயில் போட்டு உட்கார வைப்பது போன்ற வேலை இது. பிள்ளை மக்கு இல்லை. அனுப்ப மனமில்லாதவர்கள் மக்காக்கிவிட்டார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. 'சோப் ஆப்பரா' என்ற பெயரே, 1930-களில் அமெரிக்க வானொலி நாடகங்களுக்கு சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்ததால் வந்தது. அமெரிக்காவில் 1978 முதல் 1991 வரை 'டல்லாஸ்' என்று ஒரு தொடர் ஓடியது. எண்ணெய்ப் பணக்காரக் குடும்பத்துச் சண்டை. அதில் பாபி என்ற நல்ல மகனாக நடித்தவர் விலக விரும்பியதால் 1985-ல் அந்தப் பாத்திரம் காரில் அடிபட்டு இறந்தது. பார்ப்பவர்கள் குறைந்தார்கள். அடுத்த வருடம் அவரையே கூப்பிட்டு வந்து குளியலறையில் நிற்க வைத்தார்கள். நடுவில் வந்த ஒரு சீசன் முழுக்க, 31 அத்தியாயங்கள், அவர் மனைவி கண்ட கனவு என்று சொல்லிவிட்டார்கள்! ஒரு வருடம் அழுத மக்களின் கண்ணீருக்கு ரசீதுகூட இல்லை.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. என் தம்பி மகன் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எனக்கு மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறான். 2011 முதல் 2019 வரை எட்டு சீசன். முதல் ஆறு சீசனுக்கு 10 அத்தியாயம், ஏழாவதுக்கு 7, எட்டாவதுக்கு 6. மூல நாவல்கள் இன்னும் எழுதி முடியவில்லை. தொடர் நாவலை முந்திக்கொண்டு ஓடியது. அடிமைகளை விடுவித்தவள் என்று ஏழு சீசனாகக் காட்டிய அரசி, கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் சரணடைந்த ஊரையே எரித்துவிடுகிறாள். அவள் அப்படி மாறக்கூடியவளாக இருக்கலாம், ஆனால் மாறும் வழியைக் காட்டவில்லை என்பதுதான் அவன் கோபம். கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 15 லட்சம் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நம் சீரியலில் பிள்ளையை ஃபெயிலாக்கி உட்கார வைக்கிறார்கள். அங்கே பாடம் நடத்தாமலே பாஸ் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகம்.

நீண்டால் கெட்டே தீரும் என்றும் சட்டம் இல்லை. இங்கிலாந்தில் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பரிலிருந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு தெருவின் கதை. ஆட்கள் வருவார்கள், போவார்கள், ஒருவர் பிரச்சினை தீரும், அடுத்த வீட்டில் இன்னொன்று தொடங்கும். பள்ளிக்கூடம் மாதிரி. கட்டடம் அப்படியே இருக்கும், பிள்ளைகள் பாஸாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். "இந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வியில் ஆரம்பிக்கும் கதை அப்படி இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

சில சமயம் விதியும் விளையாடும். 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம் 2022-ல் ஆரம்பித்த 'எதிர்நீச்சல்', வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் ஆணைப் பற்றியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று காலமானார். எங்கள் வீட்டில் மருமகள் சொந்தக்காரர் போனது போலக் கலங்கினாள். வேறு நடிகரை வைத்துத் தொடர்ந்தார்கள், 2024-ல் முடித்தார்கள், சில மாதத்தில் இரண்டாம் பாகமும் வந்தது. இங்கே யாரைக் குறை சொல்வது? நூற்றுக்கணக்கானவர்கள் பிழைக்கும் தொழில் இது. விளக்குப் பிடிப்பவர், மேக்கப் போடுபவர், எல்லோருக்கும் மறுநாள் படப்பிடிப்பு இருந்தால்தான் அடுப்பு எரியும். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது பாக்கி வைத்த பதில்.

என் அம்மாவுக்கு 2007-ல் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கூடத்தில் கட்டில் போட்டு, டி.வி. தெரிகிற மாதிரி படுக்க வைத்திருந்தோம். அம்மாவுக்கு ஒரு சீரியல் உயிர். பெயர் வேண்டாம், ஓடி முடிந்த கதை. அப்பா விட்டுப்போன வீட்டை ஏமாற்றிப் பிடுங்கிக்கொள்கிறார்கள், மகள் போராடுகிறாள். அம்மாவுக்கும் சொந்த வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்தது உறவினர்களுக்குத் தெரியும். அதனால் அந்தப் பெண்ணை அம்மா தன் பெண்ணாகவே நினைத்தாள். ஒன்றரை வருடம் அந்த வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை. தீர்ப்பு நாளன்று சாட்சி காணாமல் போவான். சாட்சி கிடைத்தால் பத்திரம் எரியும். ராத்திரி நான் மருந்து கொடுக்கும்போது அம்மா குழறலாகக் கேட்பாள், "நாளைக்காவது தீர்ப்பு வருமா?" சீரியலுக்கு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருந்தது. அம்மாவுக்கு இல்லை. டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

2009 ஜனவரியில் ஒருநாள் சரியாகச் சீரியல் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் வந்தபோது அத்தியாயம் முடிந்திருந்தது. அம்மா தவித்தாள். நான் பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய், வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"தீர்ப்பு வந்துடுச்சும்மா."

அம்மா என்னையே பார்த்தாள்.

"வீடு அவளுக்குத்தான்னு சொல்லிட்டாங்க."

"அந்தப் பாவி?"

"ஜெயிலுக்குப் போயிட்டான்."

"பூட்டு திறந்து உள்ள போனாளா?"

"போனா. விளக்கு ஏத்துனா."

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "போதும். டி.வி.யை அமத்திடு" என்றாள்.

மறுநாள் அந்த நேரத்துக்கு டி.வி. போடச் சொல்லவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தான் பிறந்த வீட்டைப் பற்றி, அந்த வீட்டுக் கிணற்றடி, நெல்லிமரம், அவள் அப்பா என்று தெளியாத பேச்சில் தினமும் கொஞ்சம் கொஞ்சம் சொன்னாள். அதற்கு முன் அவள் என்னிடம் சொல்லாத விஷயங்கள். மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சீரியல் அதற்குப் பிறகும் ஒரு வருடம் போல ஓடியது. உண்மையில் எப்படி முடிந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

நாற்பது வருடமாகப் பொய் சொல்லக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் சொன்ன பெரிய பொய் அது. இன்றுவரை அதற்கு வருத்தப்பட்டதில்லை. ஐந்து நிமிடத்தில் வாசற்படியில் நான் கட்டிய முடிவு ஒன்றும் பிரமாதமான முடிவு இல்லை. ஆனால் அது முடிவு. ஒரு கதை முடிந்தால்தான் அதைப் பார்த்தவர் தன் கதைக்குத் திரும்ப முடிகிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சீரியல் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நாள் முழுக்க உழைத்த பெண்கள் கால் நீட்டி உட்காரும் அரைமணி நேரம் அது. அதைக் கிண்டல் செய்பவர்கள் முதலில் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைக் கழுவட்டும். ஒன்றே ஒன்றுதான். நீங்கள் விரும்பிப் பார்த்த அந்தப் பெண் பாடம் கற்பதை நிறுத்திவிட்டாள் என்று தெரிந்த நாளில், அவளுக்கு நீங்களே மனதுக்குள் ஒரு நல்ல முடிவு எழுதி, டி.சி. கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் டி.சி. எழுதிக் கொடுத்தபோது என் கை நடுங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டுமே என்று நினைத்ததும் உண்டு. ஆனாலும் கொடுத்தேன். கொடுத்ததால்தான் இன்று கல்யாண வீட்டில் தேடி வந்து பக்கத்தில் உட்காருகிறீர்கள்.

நீங்கள் பாதியில் விட்ட சீரியல் எது, அதற்கு என்ன முடிவு எழுதுவீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், பழக்கம் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்